மெய்நிகர் பேரேடு

2022 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டூர்க்காரர் எங்கள் மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அப்பாவின் உரக்கடையில் அவரைக் கோட்டூர்க்காரர் என்றுதான் சொல்வோம். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது.

"பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேல பாக்குற தம்பிதானே? முதலாளி கிட்ட ஒரு பத்திரம் குடுத்து வச்சிருந்தேன். பசங்களுக்குப் பாகம் பிரிக்கணும். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மூலப் பத்திரம் கேக்குறாங்க."

உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த அப்பாவுக்குக் குரல் கேட்டுவிட்டது. 2019-இல் பக்கவாதம் வந்த பிறகு அவர் பேச்சு குழறும். நினைவும் விட்டுவிட்டுத்தான் வரும். ஆனால் அன்று தெளிவாகச் சொன்னார். "பாக்கி இருக்கு. கட்டிட்டு வாங்கிட்டுப் போகச் சொல்லு."

திண்ணையில் இருந்தவர் முகம் சுருங்கிப்போனது. "கட்டிட்டேன் முதலாளி. திருப்பூர்லேருந்து வந்து கட்டுனேனே. பத்திரம் பேங்க் லாக்கர்ல இருக்கு, அப்புறம் வாங்கிக்கன்னு நீங்கதான் சொன்னீங்க." அப்பா தலையை ஆட்டினார். இல்லை என்று.

அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "குடுத்துடுடா. இன்னும் என்ன பாக்கி, என்ன வட்டி. கடையை மூடியே பதினாறு வருஷம் ஆச்சு." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. லாக்கரில் இருந்ததையெல்லாம் எப்போதோ வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்திருந்தோம். பத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நீட்டினேன். "பரவாயில்லைங்க, எடுத்துட்டுப் போங்க. அப்பாவுக்கு நினைவு சரியில்ல."

அவர் கை நீட்டவில்லை.

"சும்மா வேண்டாம் தம்பி. பாவம்னு குடுத்த மாதிரி ஆயிடும். நான் கட்டிட்டேன்னு சொல்லிக் குடுங்க, வாங்கிக்கறேன். கணக்கு இருக்கும்ல? கம்ப்யூட்டர்ல போட்டாரே, நான் பாத்தேனே."

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய கணக்கு நிரலை எழுதியவன் நான்.

*

1995-இல் நான் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அப்பா ஒரு 486 கணினி வாங்கினார். எங்கள் கடைத்தெருவில் அதுதான் முதல் கணினி என்று நினைக்கிறேன். கறுப்புவெள்ளைத் திரை, 540 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், கரகரவென்று அழும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அந்தக் கோடை விடுமுறையில் டர்போ பாஸ்கல் 7-இல் ஒரு பேரேடு எழுதிக் கொடுத்தேன். டாஸில் தமிழ் வராது. அதனால் வரவு, பற்று, பாக்கி எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும். யூரியா, டிஏபி, பொட்டாஷ் என்று யார் என்ன வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், என்ன மிச்சம். அப்பா வட்டி போடுவதில்லை என்பதால் நிரல் சுலபமாகவே இருந்தது. எஃப்4 அழுத்தினால் ஒரு ஆளின் கணக்கு முழுவதும் திரையில் ஓடும். அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. வருகிற விவசாயிகளையெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் கூப்பிட்டுக் காட்டுவார்.

2006-இல் கடையை மூடினோம். கணினி வீட்டு மாடி அறைக்கு வந்தது, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினார்கள். அன்று மாலை வேட்டியை எடுத்து, கேபினைத் திறந்து பார்த்தேன். மதர்போர்டில் இருந்த சின்ன பேட்டரி கசிந்து, சுற்றியிருந்த செப்புக்கோடுகளையெல்லாம் பச்சையாக அரித்திருந்தது. அந்த இயந்திரம் இனி எழுந்திருக்காது. மூல நிரல் இருந்த ஃபிளாப்பிகளில் பூஞ்சை.

டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. அதைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப்போனேன். ஐடிஇ போர்ட் உள்ள ஒரு பழைய பென்டியம் 4-ஐ அதற்காகவே வைத்திருக்கும் ஒருவர், டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாகப் படியெடுத்துக் கொடுத்தார். முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், வரிசையாக. அப்பாவின் பத்து வருட வியாபாரம் 540 மெகாபைட். என் போனில் இருக்கும் ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பெரிது.

கணக்குக் கோப்பை நேரடியாகத் திறந்து பார்த்தேன். பெயர்கள் தெரிந்தன. தொகைகள் தெரியவில்லை. டர்போ பாஸ்கலில் ஒரு எண்ணை 6 பைட்டில் எழுதும் தனி முறை ஒன்று இருந்தது. இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் அதை அப்படியே படிக்காது. முயன்றால் படிக்கலாம். ஆனால் எந்த பைட்டில் எது தொடங்குகிறது என்பது 20 வயதில் நான் எடுத்த முடிவு. எனக்கே மறந்துவிட்டது. கோட்டூர்க்காரரிடம் நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த ஒரு எண்ணைக் கொண்டுபோய் நீட்டவும் விருப்பமில்லை. அவர் பார்த்த அதே திரை வேண்டும். ஆக, அந்த நிரல் ஓட வேண்டும்.

எனக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பதினைந்து வருடமாக விர்ச்சுவல் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. தமிழில் மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். காலையில் இருபது மெஷின் உருவாக்குவேன், சாயங்காலம் முப்பது மெஷினை அழிப்பேன். ஒரு 486-ஐ எழுப்ப முடியாதா?

*

மடிக்கணினியில் ஒரு சின்ன கறுப்புச் சதுரம் திறந்து, அதற்குள் டாஸ் எழுந்து வந்தபோது அம்மா பின்னால் நின்றிருந்தாள்.

"இதுக்குள்ள எப்படிடா இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கும்? அது நெஜமா, பொம்மையா?"

நான் சிரித்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை என்று தெரிந்தது. "சாஃப்ட்வேர்ல பண்ற கம்ப்யூட்டர்மா" என்றேன். "அப்ப பொம்மைதான்" என்று அவள் போய்விட்டாள். ஆனால் அது பொம்மை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ராத்திரி உட்கார்ந்து, இத்தனை வருடம் கைப்பழக்கத்தில் செய்துவந்ததை முதல் தடவையாக ஒழுங்காக யோசித்தேன். மறுநாள் அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன். காவிரிப் பாசனப் பகுதிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

வயலுக்குள் நீங்கள் வரப்பு கட்டலாம், மடை வெட்டலாம், நாற்று நடலாம். யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் ஆற்று மதகின் ஷட்டரைத் தொட முடியாது. அதற்கு நீர்வளத்துறையின் லஸ்கர் இருக்கிறார். சாதாரணக் கணினியிலும் இதுதான் நடக்கிறது. நாம் ஓட்டும் நிரல்கள் எல்லாம் விவசாயிகள். கூட்டுவது, கழிப்பது, ஒப்பிடுவது எல்லாவற்றையும் பிராசஸரில் நேராகச் செய்துகொள்ளும். டிஸ்க்கில் எழுத, திரையில் காட்ட, நினைவகத்தைப் பங்கிட லஸ்கரிடம் போக வேண்டும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள்தான் அந்த லஸ்கர்.

விர்ச்சுவல் மெஷினில் என்ன செய்கிறோம் என்றால், நான்கு லஸ்கர்களைக் கொண்டுவந்து ஒரே ஆற்றில் உட்கார வைக்கிறோம். ஆற்றின் தலைமதகு தன் கையில்தான் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்புகிறார். உண்மையில் அவர்கள் திருகும் கைப்பிடி எதுவும் ஷட்டரோடு இணைக்கப்படவில்லை. கைப்பிடியைத் திருகினால் மேலே ஒரு மணி அடிக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் ஹைப்பர்வைசர். அவர் அந்த லஸ்கரை அப்படியே நிறுத்திவைத்து, என்ன கேட்கிறார் என்று பார்த்து, மற்ற மூவரையும் பாதிக்காமல் அவருக்கு உரிய தண்ணீரை மட்டும் விட்டு, "திறந்தாச்சு" என்று பதில் சொல்லி அனுப்புவார். கீழே இருப்பவருக்கு இடையில் ஒருவர் புகுந்ததே தெரியாது. நினைவகத்திலும் இப்படித்தான். ஒவ்வொரு மெஷினும் தன் நினைவகம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்று நினைக்கும். அது எந்த நிலம் என்ற உண்மையான சர்வே எண் மேலே இருப்பவரிடம் இருக்கும். அது டிஸ்க் என்று நம்புவதும் என் மடிக்கணினியில் ஒரு கோப்புதான்.

ஆனால் வயல் வேலை நிஜம். இதைத்தான் நான் சரியாக விளங்கிக்கொள்ளாமல் இருந்தேன். விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் கட்டளைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அசல் பிராசஸர்தான் அசல் வேகத்தில் செய்கிறது. யாரும் நடிப்பதில்லை. மணி அடிக்கும் இடங்களில் மட்டும்தான் நாடகம்.

இந்த யோசனை புதிதல்ல. 1960-களில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையத்தில் ராபர்ட் க்ரீஸியும் கூட்டாளிகளும் ஒரு பெரிய சிஸ்டம்/360 கணினியைப் பல பேருக்குப் பங்கிட வழி தேடினார்கள். ஒவ்வொருவருக்கும் கணினியில் ஒரு பகுதியைக் கொடுப்பதற்குப் பதிலாக, முழுக் கணினியும் தனக்கே என்ற தோற்றத்தையே கொடுத்தார்கள். சிபி-40 என்று பெயர். 1967-இல் அது வேலை செய்துகொண்டிருந்தது. 1972-இல் விஎம்/370 என்று ஐபிஎம் அதை விற்பனைக்கே கொண்டுவந்தது. 1974-இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் இதற்கு விதி எழுதினார்கள். சாரம் இதுதான்: ஷட்டரைப் பாதிக்கக்கூடிய கைப்பிடி ஒவ்வொன்றும், உரிமையில்லாதவர் தொட்டால் மணி அடித்தாக வேண்டும். ஒன்று தப்பினாலும் ஏமாற்று அம்பலமாகிவிடும்.

நம் மேசைகளுக்கு வந்த இன்டெல் பிராசஸர்களில் அப்படித் தப்பியவை இருந்தன. பென்டியமில் 17 கட்டளைகள் என்று 2000-இல் ஒரு ஆய்வு எண்ணிச் சொன்னது. அவற்றில் ஒன்று எனக்கு மறக்காது. குறுக்கீடுகளை நிறுத்திவை என்று உரிமையில்லாத நிரல் அதன் வழியாகக் கேட்டால் பிராசஸர் மறுக்காது, மணியும் அடிக்காது, செய்யவும் செய்யாது. கைப்பிடி சுற்றும், ஷட்டர் அசையாது. திருகியவர் தண்ணீர் வருகிறது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார். 1998-இல் தொடங்கிய விஎம்வேர் இதற்கு ஒரு வழி கண்டது. உள்ளே இருக்கும் இயங்குதளம் ஓடப்போகும் கட்டளைகளைச் சற்று முன்னாலேயே படித்து, மணி அடிக்காத கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, அடிக்கும் கைப்பிடிகளை மாட்டிவிடும். 2005-இன் முடிவில் இன்டெல் பிராசஸருக்குள்ளேயே மேலாளுக்கென்று ஒரு தனி இருக்கை வைத்துக் கொடுத்தது. அதன்பிறகு இது எல்லாருக்கும் எளிதாகிவிட்டது. நான் வேலைக்குப் பயன்படுத்துவதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அதனால்தான் எதையும் யோசிக்காமல் பதினைந்து வருடம் ஓட்ட முடிந்தது.

"அப்ப அது நெஜம்தான்னு சொல்லு" என்றாள் அம்மா.

"முக்கால்வாசி நெஜம்."

*

கோட்டூர்க்காரர் சொன்னது பொய்யென்றோ மெய்யென்றோ முடிவாகும்வரை டிஸ்க்கின் படியில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது என்று நினைத்தேன். நாளைக்கு யாராவது, நீயே கணக்கைத் திருத்திவிட்டாய் என்று சொல்லக்கூடாது. விர்ச்சுவல் மெஷினில் அதற்கு வசதி உண்டு. அசல் படியைப் படிக்க மட்டும் விட்டு, மெஷின் எழுத நினைப்பதையெல்லாம் வேறொரு கோப்பில் எழுத வைக்கலாம். மெஷினுக்குத் தான் டிஸ்க்கில்தான் எழுதுகிறோம் என்று எண்ணம். முடிந்ததும் அந்த இரண்டாவது கோப்பைத் தூக்கி எறிந்தால், எதுவுமே நடக்காத பழைய நிலை.

அப்படி வைத்துக்கொண்டு பேரேட்டை ஓட்டினேன். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: ரன்டைம் எரர் 200. மறுபடி ஓட்டினேன். அதே வரி. கையேட்டின்படி 200 என்றால் பூஜ்யத்தால் வகுத்தல். நான் எங்கே பூஜ்யத்தால் வகுத்தேன்? கடையில் பத்து வருடம் ஒருநாள்கூட இந்தப் பிழை வந்ததில்லை.

இரண்டு இரவுகள் போயின. கடைசியில் பிரச்சினை என் வரிகளில் இல்லை என்று புரிந்தது. டர்போ பாஸ்கலில் திரையை அழிக்க, எழுத்தை இடம் மாற்றி எழுத, ஒரு தொகுப்பைச் சேர்த்துக்கொள்வோம். எல்லாரும் சேர்ப்போம். இத்தனை மில்லிசெகண்ட் நில் என்ற கட்டளையும் அதில் உண்டு. அதற்காக அது தொடங்கும்போதே பிராசஸரின் வேகத்தை அளந்து வைத்துக்கொள்ளும். கடிகாரத்தின் ஒரு துடிப்பு 55 மில்லிசெகண்ட். அந்த ஒரு துடிப்புக்குள் ஒரு சும்மா சுற்றை எத்தனை தடவை சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். விடையை வைக்க 16 பிட் இடம். அதாவது 65,535-க்கு மேல் கொள்ளாது. எண்ணிக்கை 36 லட்சத்தைத் தாண்டினால் விடை அந்த இடத்தில் அடங்காது. அடங்காத வகுத்தலுக்கும் பூஜ்யத்தால் வகுத்தலுக்கும் இந்த பிராசஸர்கள் ஒரே கூச்சலைத்தான் போடும்.

486-இல் அந்த எண்ணிக்கை 36 லட்சத்துக்கு அருகில்கூட வராது. 1990-களின் பிற்பாதியில் வேகமான பென்டியம்கள் வந்தபோதே இந்தப் பிழை உலகம் முழுக்கக் கிளம்பியது. நாங்கள் 486-ஐ மாற்றவே இல்லை என்பதால் எங்களுக்குத் தெரியவில்லை.

சரி, அதை ஏன் விர்ச்சுவல் மெஷின் சரிசெய்யவில்லை? அம்மாவுக்குச் சொன்னதே பதில். அந்தச் சும்மா சுற்று வயல் வேலை. அதில் மதகு எதுவும் இல்லை, மணி அடிக்காது, மேலே இருப்பவருக்கு அங்கே வேலையில்லை. என் மடிக்கணினியின் அசல் பிராசஸர் அசல் வேகத்தில் சுற்றித் தள்ளியது. டிஸ்க், திரை, கடிகாரம் எல்லாவற்றையும் 1995 மாதிரி வேஷம் கட்டிவிட்டேன். பிராசஸருக்கு மட்டும் வேஷம் கட்ட முடியாது, ஏனென்றால் அது நிஜம். வேகத்தைக் குறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதையும் பார்த்தேன். அது மெஷினை மெதுவாக ஓட்டுவதில்லை. ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்துகிறது. ஓடும் அந்தச் சில கணங்களில் முழு வேகம்தான்.

இந்தப் பிழையைத் திருத்தவென்று பலர் எழுதிய சின்ன நிரல்கள் கிடைக்கின்றன. அவை கோப்பில் அந்த வகுத்தல் இருக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து மாற்றும். என்னுடையதில் அவற்றால் தேட முடியவில்லை. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்போது நிரலைச் சுருக்கி அடைத்து வைத்திருந்தேன். இருபது வயதில் எனக்கு இருந்த புத்திசாலித்தனம் ஒவ்வொன்றும் இப்படித்தான் எதிரே வந்து நின்றது.

எனக்கு வேண்டியது நிஜமான பிராசஸர் அல்ல, பொம்மை பிராசஸர். எமுலேட்டர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான், ஒரு சன்னலுக்குள் ஒரு பழைய கணினி. ஆனால் எமுலேட்டரில் எந்தக் கட்டளையும் பிராசஸருக்கு நேராகப் போகாது. ஒரு மென்பொருள் கட்டளையை எடுத்து, இது கூட்டச் சொல்கிறது, இது எண்ணச் சொல்கிறது என்று படித்து, ஒவ்வொன்றையும் தானே நடித்துக் காட்டும். அதனால் மெதுவாக இருக்கும். அந்தக் காரணத்துக்காகவே வேலையில் நாங்கள் அதை ஒதுக்குவோம். ஆனால் எல்லாம் நடிப்பு என்பதால் வேகத்தையும் நாமே சொல்லலாம். டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரில் ஒரு மில்லிசெகண்டுக்கு இத்தனை கட்டளை என்று வரம்பு வைக்க முடியும். 3000 என்று வைத்தேன். இரண்டாவது துடிப்பில் பேரேடு திறந்தது.

கறுப்புத் திரை, வெளிர் எழுத்து, மேலே இரட்டைக்கோட்டுப் பெட்டிக்குள் கடையின் பெயர். கீழே என் பெயரையும் போட்டு வைத்திருந்தேன்.

*

கோட்டூர்க்காரரின் கணக்கை எடுத்தேன். கீழே கடைசி வரியில் பாக்கி: 11,640.

வயிறு குளிர்ந்துவிட்டது. அப்பா சொன்னது சரியா? இதை எப்படிப் போய்ச் சொல்வேன்? வரிகளைப் பார்த்தேன். 1996-இல் 4,180. 1997-இல் 3,920. 1998-இல் 3,540. மூன்றும் பற்று. வரவே இல்லை. கூட்டினால் 11,640 சரியாக வருகிறது.

திரையை மேலே நகர்த்தினேன். முதல் வரி 1996 அல்ல. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. 14-08-03. வரவு 11,640. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

ஆண்டை நான் இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்தேன். தேதி வரிசையில் 03 என்பது 96-க்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அதோடு முடியவில்லை. பாக்கிக்கு மேல் யாராவது வரவு வைத்தால் அது தட்டச்சுப் பிழையாகத்தான் இருக்கும், கணக்கில் சேர்க்காதே, ஒரு நட்சத்திரம் போட்டு வை என்று எழுதியிருந்தேன். நிரல் மேலிருந்து கணக்கைப் போட்டுக்கொண்டு வருகிறது. முதல் வரியில் அவருக்குப் பாக்கி பூஜ்யம். பூஜ்யத்துக்கு எதிராக 11,640 வரவு. பிழை, சேர்க்காதே. பிறகு மூன்று பற்றுகளையும் கூட்டி, கீழே பாக்கி என்று எழுதிவிட்டது.

2000 ஜனவரியில் அப்பா போன் செய்தது நினைவுக்கு வந்தது. "மெஷின் கணக்கு தப்பாக் காட்டுதுடா." நான் அப்போது புது வேலையில். ஊருக்கெல்லாம் இரண்டாயிரம் ஆண்டுப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்த கம்பெனி அது. "எல்லாருக்கும் புதுப் பேரேடு ஆரம்பிச்சு பாக்கிய எடுத்து எழுதிடுங்கப்பா. பழசுல கை வைக்காதீங்க" என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி வைத்துவிட்டேன். கடைக்கு வந்துபோகிறவர்களை எல்லாம் அவர் புதுப் பேரேட்டுக்கு மாற்றிக்கொண்டார். கோட்டூர்க்காரர் 1998-க்குப் பிறகு வரவில்லை. 2002, 2003 இரண்டு வருடமும் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அங்கே சம்பாதித்து, ஆகஸ்டில் வந்து, ஒரு ரூபாய் குறையாமல் கட்டியிருக்கிறார். அப்பா அதைப் பழைய பேரேட்டில், அவர் பெயருக்கு நேராக ஏற்றியிருக்கிறார்.

மடிக்கணினியை அப்பாவிடம் எடுத்துப்போனேன். திரையைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையை நீட்டி எஃப்4 இருக்கும் இடத்தைத் தடவினார். கணக்கு ஓடியது. முதல் வரியில் விரலை வைத்தார்.

"ஸ்டார் இருக்கு" என்றார். "பழைய ஏட்டுல ஸ்டார் போட்டா... கட்டிட்டான்."

நான் எழுதிய பிழைக்கு அவரே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு கடை நடத்தியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அந்த அர்த்தம் கோப்பில் எங்கேயும் எழுதப்படவில்லை. பைட்டுகளை எண்ணிக் கணக்கு எடுத்திருந்தால் வரவு 11,640 என்று எனக்குக் கிடைத்திருக்கும், ஆனால் அப்பாவுக்கு அது நினைவு வந்திருக்காது. கருவி, திரை, எழுத்து, அந்த வரியின் இடம், எஃப்4 எல்லாம் சேர்ந்து முன்னால் வந்தபோதுதான் வந்தது.

மறுநாள் காலையில் கேட்டபோது மறுபடியும் "பாக்கி இருக்கு" என்றார். அதற்குள் அம்மா ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, ராத்திரியே அவரிடம் இடது கையால் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள். 14-08-2003 அன்று முழுவதும் செலுத்தப்பட்டது, பத்திரம் இன்று திருப்பித் தரப்படுகிறது.

"நெஜ மெஷின் சொல்லல, பொம்மைதான் சொல்லுச்சா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்று மாலையே கோட்டூருக்குப் போனேன். பத்திரத்தையும் தாளையும் கொடுத்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து அந்தத் திரையையும் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்தார். "ஆமா, ஆடி மாசக் கடைசி" என்றார். பேரனைக் கூப்பிட்டு அவனிடமும் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப கம்ப்யூட்டர் தப்புதானா தம்பி?"

"இல்லைங்க. அது சொன்னபடிதான் செஞ்சுது. எழுதினவன் தப்பு."

எழுதினவர் யார் என்று அவர் கேட்கவில்லை. திரையின் கீழே என் பெயர் இருந்தது. காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே குரல் கொடுத்தார்.